ஊமைக் காயம்

வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. உள்ளே கழுத்திலோ நெஞ்சிலோ பெரிய ரத்தக் குழாய் கிழிந்திருக்கும். ஆஸ்பத்திரிகள் நிறைந்த பெங்களூரில்கூட அதைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வைத்தியம்.

முடி வெட்டிக்கொள்ளப் போனவர் பக்கவாதத்துடன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். 2024ல் பெங்களூர் பத்திரிகைகளில் இடம்பிடித்த இந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தங்கள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டவர்கள் பலர். பல்லாரி மாவட்டத்தைச் சேர்ந்த 30 வயது இளைஞர் அவர். முடி வெட்டி முடித்ததும் கடைக்காரர் இலவசமாகத் தலைக்கு மசாஜ் செய்தார். கடைசியில் வழக்கம்போல் தாடையைப் பிடித்துக் கழுத்தை ஒரு சொடக்குச் சொடக்கினார். சுரீரென்று வலித்தது. இளைஞர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனார். சில மணி நேரத்தில் பேச்சு போனது. உடம்பின் ஒரு பக்கம் பலமிழந்தது.

பெங்களூரில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். கழுத்தின் வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனியின் உட்சுவர் கிழிந்திருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்தார்கள். ஆள் பிழைத்துவிட்டார். ஆனால் தேறுவதற்கு இரண்டு மாதங்கள் பிடித்தன. முப்பது வயது. சர்க்கரை நோய்க்காரரோ, கொழுப்பு அடைத்த கிழவரோ அல்ல. கழுத்தின் மேல்தோலில் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

தமிழில் இதற்குப் பழைய சொல் ஒன்று இருக்கிறது: ஊமைக் காயம். ரத்தம் வெளியே வராத, வாய் திறந்து பேசாத காயம். கன்னடத்தில் ஒளபெட்டு என்பார்கள். உள்ளே விழுந்த அடி. கிராமத்தில் மாட்டு வண்டியிலிருந்து விழுந்தவனுக்குப் பாட்டிகள் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப்போட்டது இந்தக் காயத்துக்குத்தான். தோலுக்கும் தசைக்கும் அது போதும். மூளைக்குப் போகும் தமனிக்கும், இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனிக்கும் போதாது.

கழுத்தில் இப்படி ஆபத்துக்குள்ளாகும் குழாய்கள் நான்கு. முன்பக்கம் இரண்டு கரோடிட் தமனிகள். குரல்வளைக்குப் பக்கத்தில் விரல் வைத்தால் துடிப்பது அதுதான். பின்பக்கம் இரண்டு முதுகெலும்புத் தமனிகள். இவை கழுத்தெலும்புகளின் ஓரத்திலுள்ள துளைகளில் நூல் கோத்ததுபோல் ஏறிச் சென்று மண்டைக்குள் நுழைகின்றன. கழுத்து சட்டென்று பின்னால் வளைந்து ஒரு பக்கம் திரும்பினால் கரோடிட் தமனி மேல் கழுத்தெலும்பின் மீது இழுபட்டுத் தேய்கிறது. துளைக்குள் அகப்பட்ட குழாய்க்கு நகர இடமே இல்லை. எலும்பு முறிந்தால் அதுவும் கூடவே அடிபடுகிறது.

தமனியின் சுவரில் மூன்று அடுக்குகள் உண்டு. அடியில் முதலில் கிழிவது உள் அடுக்கு. நடுவிலும் வெளியிலும் உள்ளவை தாக்குப்பிடிக்கும். அதனால் ரத்தம் வெளியே கொட்டுவதில்லை. மாறாக, கிழிந்த இடத்தில் ரத்தம் உறைகிறது, அல்லது அடுக்குகளுக்கு நடுவே புகுந்து குழாயை உள்பக்கமாக நெரிக்கிறது. உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு மேலே போனால் பக்கவாதம். இதற்குச் சில மணி நேரம் ஆகலாம். சிலருக்கு ஒன்றிரண்டு நாள், அதற்கும் மேல்கூட ஆகலாம். இந்த இடைவெளிதான் டாக்டர்களுக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. நோயாளி நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், காப்பி கேட்பார், வீட்டுக்குப் போகலாமா என்று நச்சரிப்பார்.

சலூன் கழுத்துச் சொடக்கு இதில் ஒரு சின்னப் பகுதிதான். 2022ல் ஹைதராபாத்தில் அழகு நிலையத்தில் தலை கழுவிக்கொண்ட ஐம்பது வயதுப் பெண்ணுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வந்து, கடைசியில் அது பக்கவாதம் என்று தெரிந்தபோதும் இதே மாதிரிப் பரபரப்பு ஏற்பட்டது. தொட்டியின் விளிம்பில் கழுத்தை வெகுநேரம் பின்னால் மடக்கி வைத்ததில் முதுகெலும்புத் தமனி அழுந்தியதாக டாக்டர்கள் கருதினார்கள். அமெரிக்காவில் 1993லேயே இதற்கு 'பியூட்டி பார்லர் பக்கவாதம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இவையெல்லாம் அபூர்வம். செய்தியாவதே அபூர்வம் என்பதால்தான். கழுத்துத் தமனிகளை நிஜமாகவே பதம் பார்ப்பவை சாலைகள்.

பெங்களூரில் பதிவான வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. பெரும்பான்மை இரு சக்கர வாகனங்கள். பின் சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணின் துப்பட்டா காற்றில் பறக்கிறது, சக்கரத்தில் சிக்குகிறது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. அதற்குள் கழுத்து சுருக்கில் மாட்டிய மாதிரி இறுகிவிடுகிறது. 1927 செப்டம்பர் 14ம் தேதி பிரான்சின் நீஸ் நகரில், திறந்த காரில் போன அமெரிக்க நடனக் கலைஞர் இசடோரா டங்கன் இப்படித்தான் இறந்தார். கழுத்தில் சுற்றியிருந்த நீண்ட பட்டுத் துணி சக்கரத்தில் சிக்கியது. மருத்துவ ஏடுகளில் அவர் பெயரையே இந்த விபத்துக்கு வைத்துவிட்டார்கள். மேலை நாடுகளில் இது ஒரு வரலாற்று விநோதம். இந்திய டாக்டர்கள் எழுதும் கட்டுரைகளிலோ துப்பட்டாக் காயம் திரும்பத் திரும்ப வருகிறது: நொறுங்கிய குரல்வளை, விலகிய கழுத்தெலும்பு, கிழிந்த கரோடிட்.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 1989ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123வது விதி, பின்னால் உட்காருபவருக்குப் பிடிமானமும் கால் வைக்க இடமும் மட்டுமல்ல, அவர் உடை சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பும் இருக்க வேண்டும் என்கிறது. சேலைத் தடுப்பு என்று கடைக்காரர்கள் சொல்லும் அந்தக் கம்பிச் சட்டம்தான் அது. புது பைக் வாங்கியதும் 'லுக்' கெடுகிறது என்று முதலில் கழற்றி எறியப்படுவதும் அதுதான்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். தலையில் அடி, மயக்கம். தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். மூளையில் ரத்தக்கசிவு இல்லை. ஆனால் வலது கை தூக்கவில்லை. இந்த இடத்தில் சுதாரிக்கும் டாக்டரும் உண்டு, 'ஸ்கேன் நார்மல்' என்று எழுதி விடுபவரும் உண்டு. மூளைப் படம் சுத்தமாக இருந்தும் உறுப்பு செயலிழந்திருந்தால் குற்றவாளி கழுத்தில் இருக்கக்கூடும். ரத்தம் போகாத மூளைப் பகுதி முதல் சில மணி நேரம் சாதாரண சி.டி.யில் தெரியாது. ஒரு பக்கக் கண் இமை லேசாகத் தொங்குவது, அந்தக் கண்ணின் பாவை சுருங்கியிருப்பது, கழுத்தில் சீட் பெல்ட் பதிந்த கன்றிய தடம், கழுத்து பெருத்துக்கொண்டே போவது, இவையும் துப்புகள்.

1990களின் நடுவில்தான் அமெரிக்காவின் டென்வரிலும் மெம்பிஸிலும் இருந்த விபத்துச் சிகிச்சை டாக்டர்கள் இதைத் தேடிப் பிடிக்க ஆரம்பித்தார்கள். அறிகுறி வரும்வரை காத்திருக்கவில்லை. கழுத்தெலும்பு முறிந்தவர், மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்தவர், முகத்தின் நடு எலும்புகள் நொறுங்கியவர், கழுத்து இறுக்கப்பட்டவர் என்று ஒரு பட்டியல் போட்டு, அதில் வருபவர்களுக்கு எல்லாம் ரத்தக் குழாய்ப் படம் எடுத்தார்கள். அதுவரை ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் காயம் என்று நினைத்திருந்தது, ஊமை அடிபட்டு வருபவர்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்கு ஏறியது. தேடினார்கள், கிடைத்தது. அந்தப் பட்டியல் சில மாற்றங்களுடன் இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. படத்துக்கு இப்போது சி.டி. ஆஞ்சியோ போதும்: கை நரம்பில் சாயம் ஏற்றி, சில விநாடிகளில் எடுக்கப்படும் ஸ்கேன். பெங்களூரில் ஓரளவு பெரிய ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் இதற்கான மெஷின் இருக்கிறது. இல்லாதது சந்தேகம்தான்.

காயத்தை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். சுவர் லேசாகச் சொரசொரத்திருப்பது முதல் படி. குழாய் முழுவதும் அறுந்துபோவது ஐந்தாவது. ஐந்தாவதுக்குத்தான் உடனே ஆபரேஷன் அல்லது குழாய்வழிச் சிகிச்சை. மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கத்தியே வேண்டியதில்லை. ஹெப்பாரின் அல்லது சாதாரண ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ள. ஏழிலிருந்து பத்து நாளில் இன்னொரு ஸ்கேன். பிறகு மூன்றிலிருந்து ஆறு மாதம் மாத்திரை. பக்கவாதத்தைத் தடுக்கும் வேலையில் இந்த மலிவு மாத்திரை விலை உயர்ந்த மருந்துக்கு அதிகம் இளைத்ததாகத் தெரியவில்லை என்பதுதான் இதில் ருசிகரம். ஆனால் கழுத்து மட்டும் தனியாக அடிபட்டு வருவதில்லையே. அதே ஆளின் மண்ணீரலில் ரத்தம் கசிந்தால்? ரத்தம் உறையக் கூடாது என்று ஒரு டாக்டரும், உறைந்தே ஆக வேண்டும் என்று இன்னொருவரும் ஒரே கட்டிலின் இரு பக்கம் நிற்பார்கள்.

நெஞ்சுக்குள் நடப்பது இன்னும் கொடுமை. இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனி ஒரு கைத்தடிப் பிடிபோல் வளைந்து கீழே இறங்குகிறது. வளைவு ஓரளவு ஆடும். இறங்கும் பகுதியோ விலா எலும்புகளுக்குப் போகும் கிளைகளால் முதுகோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் லாரியின் பின்னால் மோதி நின்றால், உடம்பு நின்றுவிடும். இதயமும் வளைவும் ரத்தச் சுமையோடு இன்னும் கொஞ்சம் முன்னே போகும். ஆடுவதும் ஆடாததும் சேரும் இடத்தில், இடது கைக்குப் போகும் கிளைக்குச் சற்றுக் கீழே, குழாய் கிழிகிறது. மாடியிலிருந்து, சாரத்திலிருந்து விழும் கட்டடத் தொழிலாளிக்கும் இதே கதிதான்.

குதிரையிலிருந்து விழுந்த ஒருவருக்கு மகாதமனி கிழிந்ததை 1557லேயே வெசாலியஸ் எழுதி வைத்தார். அதற்கு நான்கு நூற்றாண்டு கழித்து, 1958ல் வெளியான அமெரிக்கப் பிரேதப் பரிசோதனை ஆய்வு ஒன்று, இப்படிக் கிழிந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் விபத்து நடந்த இடத்திலேயே இறந்துவிடுவதாகக் கணக்குச் சொன்னது. ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பவர்கள் அந்த மீதிப் பேர். அவர்களுடைய மகாதமனியின் உள் அடுக்கும் நடு அடுக்கும் போய்விட்டிருக்கும். வெளி அடுக்கு மட்டும் ஒரு மெல்லிய உறைபோல ரத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். எத்தனை நேரம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

1997 ஆகஸ்ட் 31ம் தேதி பாரிஸ் சுரங்கப் பாதையில் அடிபட்ட இளவரசி டயானாவுக்கு இதயத்தை ஒட்டிய நுரையீரல் சிரை கிழிந்திருந்தது. அது தமனி அல்ல. ஆனாலும் வேகம் சட்டென்று அறுந்தபோது உள்ளே நிகழ்ந்தது இதே இழுபறிதான். மீட்புப் படையினர் வந்தபோது அவருக்கு உயிர் இருந்தது. அவர் பின் சீட்டில், பெல்ட் போடாமல் இருந்தார். 2022 செப்டம்பர் 4ம் தேதி மகாராஷ்டிராவின் பால்கர் அருகே இறந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் அப்படியே. பின் சீட் பெல்ட் பற்றி நாடு ஒரு வாரம் பேசியது.

பெங்களூர்-மைசூர் எக்ஸ்பிரஸ் சாலை 2023 மார்ச் 12ம் தேதி திறக்கப்பட்டபோது ஒன்றரை மணி நேரத்தில் மைசூர் என்று சொன்னார்கள். மரணங்களும் அதே வேகத்தில் வந்தன. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர்களுக்கு அதன் பிரதான தடத்தில் தடை விதிக்கப்பட்டது. ஓசூர் சாலை கதை தெரிந்ததே. ரகசியம் எதுவுமில்லை: வேகம் கூடும்போது காயம் தோலிலிருந்து உள்ளே நகர்கிறது.

மகாதமனிக் கிழிசலை எப்படி மோப்பம் பிடிப்பது? மார்பில் அடிபட்ட அடையாளமே இல்லாதவர்கள் கணிசமான பேர். முதலாவது, இரண்டாவது விலா முறிந்திருந்தால் அடி பலமானது என்று அர்த்தம். இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் வெவ்வேறாக இருக்கலாம்; கையில் துடிப்பு நன்றாக இருந்து தொடையில் மெலிந்திருக்கலாம். சாதாரண மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரல்களுக்கு நடுவே உள்ள நிழல் 8 சென்டிமீட்டருக்கு மேல் அகன்றோ, மகாதமனி வளைவின் விளிம்பு மங்கியோ தெரியும். தெரியாமலும் போகும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதற்காக வேகமான விபத்தில் சிக்கியவரை விட்டுவிட முடியாது. சி.டி. ஆஞ்சியோதான் தீர்ப்புச் சொல்லும்.

பைக்காரர்களுக்கென்றே ஒரு தனி வகை உண்டு. தூக்கி எறியப்பட்டுத் தோள் தரையில் மோதும்போது கழுத்தும் தோளும் எதிரெதிர்த் திசையில் இழுபடுகின்றன. தோளுக்கு அடியில் போகும் சப்கிளேவியன் தமனியும், கைக்குப் போகும் நரம்புக் கற்றையும் சேர்ந்தே அறுபடலாம். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. தோளைச் சுற்றிப் பக்கவாட்டுக் குழாய்கள் நிறைய இருப்பதால் கை வெதுவெதுப்பாகவே இருக்கும். மணிக்கட்டில் லேசான துடிப்புகூடக் கிடைக்கும். காரை எலும்பு முறிவு என்று கட்டுப்போட்டுவிட்டு, மூன்றாம் நாள் அக்குளில் துடிக்கும் வீக்கத்தைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான்.

மகாதமனி கிழிந்தது தெரிந்தவுடன் செய்வது ஆபரேஷன் அல்ல. அழுத்தத்தைக் குறைப்பது. இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் மருந்தால் இறக்கி, ஒவ்வொரு துடிப்பும் அந்த மெல்லிய உறையில் மோதும் வேகத்தைத் தணிக்கிறார்கள். இதனால் ஒன்றிரண்டு நாள் அவகாசம் கிடைக்கிறது. அதற்குள் வயிற்றில் கசியும் ரத்தத்தையும் தலைக் காயத்தையும் கவனிக்கலாம். இங்கேயும் அதே கட்டில் சண்டை. அடிபட்ட மூளை, ரத்த அழுத்தம் இறங்கினால் சாகும். கிழிந்த மகாதமனி, ஏறினால் வெடிக்கும். இரண்டும் ஒரே ஆளுக்கு இருந்தால் எந்தப் பக்கம் சாய்வது என்பதைப் புத்தகம் சொல்லித் தருவதில்லை.

பழைய முறையில் இடது மார்பைத் திறந்து, மகாதமனியை இடுக்கியால் பிடித்து நிறுத்தி, கிழிந்த துண்டுக்குப் பதில் செயற்கைக் குழாய் வைத்துத் தைத்தார்கள். இடுக்கி போட்டிருக்கும் நேரம் முதுகுத் தண்டுக்கு ரத்தம் குறையும். அரை மணி தாண்டினால் ஆபத்து. உயிர் பிழைத்து, கால்கள் இரண்டும் போனவர்கள் இருந்தார்கள். 1987ல், அன்றைய சோவியத் யூனியனில் இருந்த கார்க்கிவ் நகரில் நிக்கோலாய் வொலொதோஸ் என்ற சர்ஜன் வேறு வழியில் போனார். தொடைத் தமனி வழியாக மடக்கிய குழாயை மேலே செலுத்தி, காயத்தால் உப்பிய மகாதமனிக்குள் விரித்துவிட்டார். சைக்கிள் டயருக்குள் இன்னொரு ரப்பர் வைத்து ஓட்டையை அடைப்பதுபோல. அவர் எழுதியது ரஷ்ய மொழியில். மேற்குலகம் அவரை வெகுகாலம் கண்டுகொள்ளவில்லை. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் போனால் மருத்துவத்திலும் நஷ்டம்தான்.

இன்று ஸ்டென்ட் கிராஃப்ட் என்று அழைக்கப்படும் அந்த முறைதான் முதல் தேர்வு. அமெரிக்க விபத்து சர்ஜன்கள் சங்கம் பத்தாண்டு இடைவெளியில் நடத்திய இரண்டு ஆய்வுகள் மாற்றத்தைக் காட்டுகின்றன. 1997ல் வந்த முதல் ஆய்வில் எல்லாமே திறந்த ஆபரேஷன். 22 சதவீதம் பேர் இறந்தார்கள், 8.7 சதவீதம் பேருக்குக் கால்கள் செயலிழந்தன. 2008ல் வந்த இரண்டாவதில் மூன்றில் இரண்டு பேருக்கு ஸ்டென்ட். சாவு 13 சதவீதமாகவும் கால் இழப்பு 1.6 சதவீதமாகவும் இறங்கியது. கூடவே ஸ்டென்டுக்கே உரிய கோளாறுகளும் வந்தன. அந்தக் காலத்து ஸ்டென்ட்கள் உப்பிப்போன மகாதமனி கொண்ட வயோதிகர்களுக்காகச் செய்யப்பட்டவை. விபத்தில் வருபவரோ இருபத்தைந்து வயது இளைஞர். அவர் மகாதமனி 20 மில்லிமீட்டர் அளவே இருக்கும். பெரிய சட்டையைச் சின்ன உடம்புக்குப் போட்டதுபோல் ஸ்டென்ட் மடிந்து குழாயையே அடைத்தது. இப்போது சிறிய அளவுகள் வருகின்றன. மெலிந்த தேகமுள்ள நம் ஊர்க்காரர்களுக்குத் தொடைத் தமனி வழியே உபகரணத்தைக் கொண்டுபோவது இன்னும் சில சமயம் சிரமமே. எல்லோருக்கும் ஸ்டென்ட் தேவையும் இல்லை. உள் அடுக்கில் சின்னக் கீறல் என்றால் மருந்தும் மறு ஸ்கேனும் போதும். பெரும்பாலும் தானே ஆறுகிறது.

தொழில்நுட்பத்தில் பெங்களூருக்குக் குறைவில்லை. பன்னேர்கட்டா சாலையில் ஜெயதேவா இதய நிறுவனம் அரசு சார்பில் நடக்கிறது. மில்லர்ஸ் சாலையில் பகவான் மகாவீர் ஜெயின் ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய்களுக்கென்றே ஒரு நிறுவனம். ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ். தலைக் காயம் என்றால் கர்நாடகத்திலிருந்து மட்டுமல்ல, கிருஷ்ணகிரியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஆம்புலன்ஸ்கள் அங்கேதான் திரும்புகின்றன. நிம்ஹான்ஸுக்கு அருகிலேயே எலும்பு முறிவுக்கு சஞ்சய் காந்தி நிறுவனம், புற்றுநோய்க்கு கித்வாய், குழந்தைகளுக்கு இந்திரா காந்தி நிறுவனம். தெற்கு ஆஸ்பத்திரி வளாகம் என்றே அந்தப் பகுதிக்குப் பெயர்.

தலைக்கு ஒரு கட்டடம், எலும்புக்கு ஒரு கட்டடம், இதயத்துக்குச் சில கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று. நோய்க்கு இது பிரமாதமான ஏற்பாடு. ஒரு நோய் ஒரு உறுப்பில்தான் பொதுவாக உட்காருகிறது. லாரிக்கு அந்த நாகரிகம் தெரியாது. அது தலையையும் தொடையையும் மகாதமனியையும் ஒரே விநாடியில் அடிக்கிறது. எந்தக் கட்டடத்துக்குப் போவது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் காயம். தலையில் ரத்தம் வழிந்தால் தலை ஆஸ்பத்திரி. கால் கோணியிருந்தால் எலும்பு ஆஸ்பத்திரி. ஊமைக் காயத்துக்கு வாய் இல்லாததால் அதன் பெயரில் எந்த ஆம்புலன்சும் திரும்புவதில்லை. பிறகு ஒரு ஸ்கேனில் அது அகப்பட்டால், வென்டிலேட்டரோடு இன்னொரு பயணம், சில்க் போர்டு நெரிசல் வழியாக. எல்லா உறுப்புக்கும் ஒரே கூரையின் கீழ் ஆள் இருக்கும் விக்டோரியா போன்ற பொது ஆஸ்பத்திரிகளுக்கும், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளுக்கும் முதலில் போவது இந்த வகை நோயாளிக்கு நல்லது. அதை ரோட்டோரத்தில் நிற்கும் சொந்தக்காரர் எப்படி அறிவார்?

அவரை விட்டுவிடலாம். 2008 நவம்பர் 1ம் தேதி முதல் கர்நாடகத்தில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அடிபட்டவரைத் தூக்கி வந்தவரைப் போலீஸ் பிடித்து வைத்துக்கொள்ளாமல் காக்க 2016ல் மாநிலம் தனிச் சட்டமே போட்டது. நாட்டில் அதுதான் முதல். அதே ஆண்டு பிப்ரவரியில் நெலமங்கலா அருகே லாரி ஏறி உடல் துண்டான நிலையிலும் தன் கண்களைத் தானம் செய்யச் சொன்ன ஹரீஷ் நஞ்சப்பாவின் பெயரில், விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரம் 25,000 ரூபாய் வரை இலவசச் சிகிச்சைத் திட்டம் வந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் அதே 48 மணி நேரத்துக்கு ஒரு லட்ச ரூபாயில் ஆரம்பித்தது. அத்திப்பள்ளி சோதனைச் சாவடிக்கு எந்தப் பக்கம் கார் கவிழ்ந்தது என்பதைப் பொறுத்து ஓர் உயிரின் கணக்கு மாறியது. 2025 மே மாதம் மத்திய அரசு நாடு முழுமைக்கும் ஒரு திட்டத்தை அறிவித்தது: ஏழு நாட்கள் வரை, ஒன்றரை லட்ச ரூபாய் வரை, ரொக்கமின்றிச் சிகிச்சை.

மூன்று தொகையையும் கூட்டினாலும் மகாதமனிக்கு வைக்கும் ஸ்டென்ட் கிராஃப்டின் விலையைத் தொடுவது சிரமம். சி.டி. ஆஞ்சியோவுக்குத் தாராளமாகப் போதும். கழுத்துத் தமனிக்கு வேண்டிய ஆஸ்பிரினுக்கு நூறு ஜென்மத்துக்குப் போதும். அரசாங்கத் திட்டங்கள் கொடுக்கும் பணம் எதற்கு உதவும் என்றால், கண்டுபிடிப்பதற்கு. ஆனால் 48 மணி நேரம் என்ற கெடு, இரண்டாம் நாளுக்கு மேலும் பக்கவாதம் வரக்கூடிய ஒரு காயத்துக்குச் சற்று இடிக்கிறது. ஸ்டென்ட் வைப்பதையும் இப்போது பெரும்பாலும் ஒரு நாள் தள்ளித்தான் செய்கிறார்கள். இந்தத் திட்டங்களை வகுத்தவர்கள் 'பொன்னான மணி நேரம்' என்பதை மனதில் வைத்திருக்கிறார்கள். அது வெளியே கொட்டும் ரத்தத்துக்கான கடிகாரம்.

ஸ்டென்ட் வைத்து அனுப்பிய பிறகும் கதை முடிவதில்லை. ஒரு மாதத்தில் ஒரு ஸ்கேன், ஆறு மாதத்தில் ஒன்று, பிறகு ஆண்டுதோறும். இருபத்தைந்து வயதுக்காரருக்கு இன்னும் ஐம்பது ஆண்டுகள் அந்தக் குழாயோடு வாழ்க்கை. வயது ஏற ஏற மகாதமனி அகலும். உள்ளே வைத்த ஸ்டென்ட் அதனோடு அகலாது. உலகில் யாரிடமும் ஐம்பது ஆண்டு அனுபவம் இல்லை. கட்டட வேலைக்கு ராய்ச்சூரிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வந்து சாரத்திலிருந்து விழுந்தவர், நடக்க ஆரம்பித்ததும் ஊருக்குப் போகிறார். வலி இல்லை; வேலைக்கும் போகிறார். ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி வந்து, வலிக்காத ஒன்றுக்கு ஸ்கேன் எடுத்துக்கொள்ள அவருக்கு என்ன அவசரம்?

கழுத்துத் தமனிக்காரரின் டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று, மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. இன்னொன்று, கழுத்தை யாரும் திருக அனுமதிக்கக் கூடாது. பெங்களூரில் பல சலூன்களில் இன்னமும் முடி வெட்டி முடித்ததும் கடைக்காரரின் கை தானாகவே தாடைக்குப் போகிறது. வேண்டாம் என்று சொன்னால், காசு வேண்டாம் சார், சும்மாதான் என்கிறார்.